ஆங்கிலப் பேல் ஏல் வீட்டில் தயாரிக்கும்போது: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் முறை

ஆங்கிலப் பேல் ஏல் தன் குறையை மறைத்துக்கொள்ளத் தெரியாத பியர். கூடுதல் ஆல்கஹாலோ, மூக்கைத் துளைக்கும் ஹாப்ஸ் மணமோ இதில் இல்லாததால், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட் (சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிர்), நீர் ஆகிய நான்கில் எதில் சிறு தவறு நேர்ந்தாலும் முதல் மிடறிலேயே அது தெரிந்துவிடும். பல முறை தயாரித்து, பல முறை கெடுத்து, கெட்டதற்கான காரணத்தைத் தேடிச் சென்ற அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டிருப்பது ஒன்றுண்டு. இந்தப் பியரில் தோன்றும் கோளாறுகளில் பெரும்பகுதி, ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே அதைப் பியரிடமிருந்து நாம் பிரித்துவிடுவதால் வருகிறது. இங்கிலாந்து ஈஸ்ட் வகைகள் விரைவாகத் திரண்டு அடியில் படியும் இயல்புடையவை. அந்த இயல்புதான் பியரைக் கண்ணாடிபோல் தெளியச் செய்கிறது. வேலை முடிந்துவிட்டது என்ற தோற்றத்தை உருவாக்கி நம்மை ஏமாற்றுவதும் அதே இயல்புதான்.

கீழே சொல்லப்படுபவை யாவும் 20 லிட்டர் அளவுள்ள ஒரு சாதாரணத் தயாரிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அடிப்படை மால்ட்டாக மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி வகை அல்லது அதையொத்த பேல் மால்ட், மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் கிரிஸ்டல் மால்ட், ஃபகிள், கிழக்குக் கென்ட் கோல்டிங் (East Kent Golding) போன்ற ஹாப்ஸ், 66 அல்லது 67 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேர மாஷ் (அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தல்), 18 முதல் 20 டிகிரியில் நொதித்தல் என்று கொள்க. தொடக்க அடர்த்தி (நீரை 1.000 என்று கொண்டு, கரைந்த சர்க்கரையைக் காட்டும் எண்) 1.046 அளவில் இருந்தால், இறுதி அடர்த்தி 1.011 முதல் 1.014 வரை வந்து நிற்க வேண்டும். ஆல்கஹால் ஏறத்தாழ நாலரை சதவீதம் இருக்கும். இந்த எண்களை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைக்காமல் இருந்தால், எந்த அறிகுறியையும் நம்பிக்கையோடு ஆராய முடியாது.

ஒரு நாள் கடந்தும் நொதித்தல் தொடங்கவில்லை

ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பானில்) குமிழி வரவில்லை என்பது நொதித்தல் தொடங்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. மூடியின் ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் வாயு அவ்வழியே போய்விடும். மூடியைத் திறக்காமல், கலனின் சுவரில் நுரை ஏறிய தடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஹைட்ரோமீட்டரால் அடர்த்தியை அளந்து பாருங்கள். 48 மணி நேரம் கடந்தும் அடர்த்தி அசையவில்லை என்றால் மட்டுமே புதிய ஈஸ்ட் சேர்க்க வேண்டும். இந்த அடர்த்திக்கு 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று போதுமானது. திரவ ஈஸ்ட்டாக இருந்து, தயாரித்த தேதி பல மாதங்களுக்கு முந்தையதாக இருந்தால், அடுத்த முறை அதைச் சிறிதளவு மால்ட் சாற்றில் முன்கூட்டியே வளர்த்துச் சேர்ப்பது நல்லது.

அடர்த்தி 1.020 அளவில் வந்து நின்றுவிட்டது

இந்தப் பியரைத் தயாரிப்பவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். அவசரப்பட்டு மேலும் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். எதையும் சேர்ப்பதற்கு முன் அளவு சரியா என்று பாருங்கள். ஹைட்ரோமீட்டரை அதில் குறிப்பிட்டுள்ள வெப்பநிலையில் (பெரும்பாலும் 20 டிகிரி) காய்ச்சி வடித்த நீரில் மிதக்கவிட்டால் 1.000 காட்ட வேண்டும். மாதிரியில் கரைந்துள்ள வாயுக் குமிழிகள் கருவியைத் தூக்கி மிகையான எண்ணைக் காட்டுமாதலால், மாதிரியை இரண்டு மூன்று முறை குவளை மாற்றி ஊற்றி வாயுவை வெளியேற்றிவிட்டு அளக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் கருவி) பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த திரவத்தில் அக்கருவி உண்மையை விடக் கூடுதலாகவே காட்டும் என்பதால், திருத்தக் கணக்கைப் போடாமல் பார்த்தவர்கள், நன்றாக முடிந்த பியரையும் பாதியில் நின்றதாக எண்ணிக்கொள்வது வழக்கம்.

அளவு உண்மைதான் என்று தெரிந்தால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியது ஈஸ்ட்டின் நிலை. முதல் மூன்று நாள் வேகமாக நொதித்து, பிறகு அறை குளிர்ந்து, பியர் 16 டிகிரிக்கு இறங்கியிருந்தால், ஈஸ்ட் திரண்டு அடியில் உறங்கிவிட்டது என்றே கொள்ளலாம். கிருமிநீக்கம் செய்த நீண்ட கரண்டியால், காற்று கலக்காதபடி மெதுவாக, அடியில் படிந்த வண்டலை மட்டும் எழுப்பிவிடுங்கள். மூடியைத் திறக்க விருப்பமில்லை என்றால் நொதிக்கலனைச் சாய்த்து வட்டமாகச் சுழற்றினாலே போதும். வெப்பநிலையை 20 அல்லது 21 டிகிரிக்கு உயர்த்தி, மூன்று நாள் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டு செயல்களும் மிகப் பல தடவைகளில் ஆறேழு புள்ளிகளை (ஒரு புள்ளி 0.001) இறக்கித் தந்துவிடுகின்றன.

அப்படியும் அசையவில்லை என்றால், ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை உண்மையிலேயே தீர்ந்திருக்கலாம். மாஷ் 70 டிகிரிக்கு மேல் நடந்திருந்தால் டெக்ஸ்ட்ரின்கள் என்ற நொதிக்காத பெரிய சர்க்கரைகள் மிகுதியாக உருவாகியிருக்கும். அதற்குப் பின்னால் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் தெர்மாமீட்டர் உண்மை சொல்கிறதா என்பதை நொறுக்கிய பனிக்கட்டி கலந்த நீரில் சோதித்துப் பாருங்கள். பூஜ்ஜியத்திலிருந்து இரண்டு டிகிரி விலகினாலே மாஷின் தன்மை மாறிவிடும். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மாஷ் செய்யாமல் பயன்படுத்தும் ஆயத்தச் சாறு) கொண்டு தயாரித்தவர்களுக்கு 1.016, 1.018 என்று நிற்பது பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்ட்டின் இயல்பே தவிர நொதித்தலின் குறை அல்ல.

இந்த ஐயத்தை முன்கூட்டியே நீக்கிக்கொள்ள ஒரு எளிய வழி உண்டு. தயாரிக்கும் நாளிலேயே 200 மில்லிலிட்டர் மால்ட் சாற்றைத் தனியே எடுத்து, தேவைக்கு மிக அதிகமான ஈஸ்ட் சேர்த்து, 25 டிகிரி அளவுள்ள இடத்தில் வைத்து அவ்வப்போது குலுக்கி வந்தால், இரண்டு மூன்று நாளில் அது முழுமையாக நொதித்து முடியும். அதன் அடர்த்தியே பெரிய கலனும் சென்று சேர வேண்டிய எல்லை. அந்த எண் கையில் இருக்கும்போது ஊகத்துக்கு இடமே இல்லை.

எல்லை எங்கே என்று தெரியாத பியரைப் பாட்டிலில் அடைக்கவே கூடாது. அடர்த்தி 0.002 குறைந்தாலே பியரின் கொள்ளளவுக்குச் சமமான அளவு கரியமில வாயு உருவாகும். நின்றுபோன பியர் பாட்டிலுக்குள் மீண்டும் விழித்துக்கொண்டு 0.006 இறங்கினால், கண்ணாடி தாங்காது.

வெண்ணெய் மணம் வீசுகிறது

உருகிய வெண்ணெய் அல்லது பாற்கண்ட மிட்டாய் போன்ற மணமும், நாவில் வழுவழுப்பான உணர்வும் டைஅசிட்டைல் என்ற சேர்மத்தைச் சுட்டுகின்றன. ஈஸ்ட் தன் வளர்ச்சிக்காக அமினோ அமிலங்களை உருவாக்கும்போது ஒரு முன்னோடிச் சேர்மம் வெளியே கசிகிறது. அது பியரில் தானாகவே ஆக்சிகரணம் அடைந்து டைஅசிட்டைலாக மாறுகிறது. நொதித்தலின் இறுதிக் கட்டத்தில் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சி, மணமற்ற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. ஆகவே உருவாவதைத் தடுப்பதை விட, திரும்ப உறிஞ்சப்படுவதற்குக் கால அவகாசம் தருவதே நம் கடமை. விரைவில் படியும் ஈஸ்ட்டைக் கொண்டு தயாரித்து, பியர் தெளிந்துவிட்டது என்று ஐந்தாம் நாளே குளிரூட்டுபவர்களுக்கு இந்த மணம் வருவதில் வியப்பில்லை.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது, முன்னோடிச் சேர்மத்துக்கு மணமே இல்லை என்பது. இன்று சுத்தமாக இருக்கும் பியர், பாட்டிலில் மூன்று வாரம் இருந்த பிறகு வெண்ணெயாக மணக்கலாம். இதைச் சோதிக்க இரண்டு மூடிய குவளைகளில் மாதிரி எடுத்து, ஒன்றை 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, பிறகு இரண்டையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் மணம் இருந்தால் முன்னோடி இன்னும் மிச்சமிருக்கிறது. பியரை ஈஸ்ட்டின் மேலேயே 20 அல்லது 21 டிகிரியில் இன்னும் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். இரண்டிலும் இருந்தால், வண்டலை எழுப்பிவிட்டு மேலும் காத்திருங்கள். இரண்டிலும் இல்லாதபோது மட்டுமே குளிரூட்டலாம். பாட்டிலில் அடைத்த பிறகு தெரியவந்தால், பாட்டில்களைக் குளிரில் வைக்காமல் 20 டிகிரியில் மேலும் இரண்டு வாரம் வையுங்கள். உள்ளிருக்கும் சிறிதளவு ஈஸ்ட் ஓரளவு சரிசெய்துவிடும்.

நொதித்தல் முடிந்த பிறகு உலர் ஹாப்ஸ் இடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாப்ஸில் உள்ள நொதிகள் டெக்ஸ்ட்ரின்களை உடைத்து நொதித்தலை மீண்டும் தொடங்கிவைக்கும். அப்போது டைஅசிட்டைலும் புதிதாக உருவாகும். எனவே சோதனையை ஹாப்ஸ் இட்டதற்குப் பின்னும் ஒருமுறை செய்ய வேண்டும். மிகச் சிறிதளவு வெண்ணெய்ச் சாயல் இங்கிலாந்தின் சில மரபான ஏல்களில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்பது உண்மை. ஆனால் வேண்டுமென்று வைத்ததற்கும் தவறி நேர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறியும்வரை அதைக் குறையாகவே கருதுங்கள். நாள் செல்லச் செல்ல வெண்ணெய் மணம் கூடி, புளிப்பும் நூலிழைபோல் இழுபடும் பிசுபிசுப்பும் சேர்ந்து வந்தால், அது ஈஸ்ட்டின் வேலையன்று. பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வேலை.

பச்சை ஆப்பிள் மணம்

இது அசிட்டால்டிஹைடு, இதற்கும் மருந்து மேலே சொன்னதுதான். ஆல்கஹால் உருவாகும் வழியில் இது இடைநிலைப் பொருளாக இருப்பதால், ஈஸ்ட் முழுமையாக வேலை செய்து முடித்தால் தானே மறைந்துவிடும்.

தொண்டையில் எரிச்சல், மிகையான வாழைப்பழ மணம், நெயில் பாலிஷ் வாசனை

வெப்பம் மிகுந்துவிட்டது. அறை 20 டிகிரியில் இருந்தாலும், நொதித்தல் உச்சத்தில் இருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில் கலனுக்குள் பல டிகிரி கூடுதலாக இருக்கும். அறையின் வெப்பநிலையை அளந்து மன அமைதி கொள்ளாமல், கலனின் வெளிச்சுவரில் தெர்மாமீட்டரை ஒட்டி, அதன் மேல் தடித்த துணியைச் சுற்றி அளக்க வேண்டும். கலனை நீர்த்தொட்டியில் வைத்து, உறைந்த நீர் நிரம்பிய பாட்டில்களை மாற்றி மாற்றி இடுவது எளிய தீர்வு. மெல்லிய பழ மணம் ஆங்கில ஈஸ்ட்டின் அழகு என்பதால் அதை முற்றிலும் ஒழிக்க முயல வேண்டாம். எரிச்சல் தரும் உயர் ஆல்கஹால்கள் ஒருமுறை உருவாகிவிட்டால், அந்தத் தயாரிப்பில் அவை போகவே போகா.

மருத்துவமனை வாசனையும் கிராம்பு வாசனையும்

இரண்டும் ஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் பிறப்பிடம் வேறு வேறாதலால் பிரித்தறிவது அவசியம். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், கிருமிநாசினி போன்ற வாசனை வந்தால், நீரிலோ சரியாக அலசாத கருவியிலோ இருந்த குளோரின், மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்திருக்கிறது. இதன் மணம் மிகமிகச் சிறிய அளவிலேயே தெரியும், முதிரவைத்தாலும் போகாது. குழாய் நீரைக் கொதிக்கவைத்தோ ஓரிரவு திறந்துவைத்தோ குளோரினைப் போக்கிவிடலாம். குளோரினுக்குப் பதிலாகச் சில ஊர்களின் நீரில் சேர்க்கப்படும் குளோரமீன் அப்படிப் போகாது. அதற்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் வேண்டும். அதைக் கொண்ட கேம்டன் மாத்திரை ஒன்று ஏறத்தாழ 75 லிட்டர் நீருக்குப் போதுமாதலால், இருபது முப்பது லிட்டருக்கு அரை மாத்திரையே மிகுதி. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

கிராம்பு வாசனை என்றால் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கிறது. ஆங்கில ஏல் ஈஸ்ட் வகைகள் பெரும்பாலும் இந்த மணத்தை உருவாக்கும் திறனற்றவை. பியரின் அடர்த்தி எதிர்பார்த்ததை விட மிகக் கீழே, 1.005 அளவுக்கு இறங்கியிருந்தால் ஐயம் உறுதிப்படும்.

கசப்பு முரடாக இருக்கிறது, அல்லது மழுங்கிக் கிடக்கிறது

இங்கே பேச வேண்டியது நீரைப் பற்றி. இங்கிலாந்தில் ட்ரென்ட் நதிக்கரையில் உள்ள பர்டன் நகரம் பேல் ஏலுக்குப் புகழ்பெற்றதற்கு அதன் கிணற்று நீரே முதற்காரணம். ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) படிவுகளின் ஊடே ஊறிவரும் அந்நீரில் சல்ஃபேட் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாகவும் வறட்சியாகவும் உணரச் செய்கிறது. குளோரைடு மால்ட்டின் திரட்சியை முன்னிறுத்துகிறது. இதைப் படித்துவிட்டுப் பர்டன் நீரை அப்படியே படியெடுக்க முயன்றவர்களில் நானும் ஒருவன். கிடைத்த பியர் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த சுவையோடு இருந்தது. வீட்டுத் தயாரிப்புக்கு லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் சல்ஃபேட் போதும் என்பது என் துணிபு.

கணக்கு எளிது. 10 லிட்டர் நீரில் 1 கிராம் ஜிப்சம் கரைத்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 23 மில்லிகிராம் கால்சியமும் 56 மில்லிகிராம் சல்ஃபேட்டும் சேரும். தாதுக்கள் நீக்கிய நீராக இருந்தால், 10 லிட்டருக்கு 3 கிராம் என்ற அளவில் சேர்த்துத் தொடங்கலாம். மழுங்கிய, சப்பென்ற கசப்புக்கு இதுவே மருந்து. அதே நீரிலுள்ள கால்சியம் மாஷின் அமிலத்தன்மையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரவும், பின்னர் ஈஸ்ட் நன்றாகப் படியவும் உதவுகிறது.

நாவைச் சுருக்கும் துவர்ப்பு இதனின்று வேறானது. மிகையாகக் காய்ச்சிய கறுப்புத் தேநீரைக் குடித்தாற்போல் பற்களில் ஒட்டும் அந்த உணர்வு, மால்ட்டின் உமியிலிருந்து டானின் இறங்கியதைக் காட்டுகிறது. மால்ட்டைக் கழுவும் நீர் 77 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். பைகார்பனேட் மிகுந்த நீரால் மாஷின் பி.எச். 6 வரை உயர்ந்திருக்கலாம். கடைசிச் சொட்டுவரை சர்க்கரையை எடுக்கும் ஆசையில், வடியும் சாறு 1.010க்குக் கீழே போன பிறகும் கழுவியிருக்கலாம். மாஷின் பி.எச். 5.2 முதல் 5.5 வரை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் மூன்றில் இரண்டு காரணங்களின் வலிமை குறைந்துவிடும்.

பியர் கலங்கலாக இருக்கிறது

குளிர்ந்த குவளையில் கலங்கி, அறை வெப்பத்துக்கு வந்ததும் தெளிந்தால், புரதமும் பாலிஃபீனாலும் சேர்ந்த குளிர்க் கலங்கல், சுவைக்குக் கேடில்லை. கொதியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஐரிஷ் மாஸ் என்ற கடற்பாசியை இட்டு, கொதித்த சாற்றை விரைவாகக் குளிரவைத்தால் அடுத்த முறை பெரிதும் குறையும். வெப்பத்திலும் மாறாத கலங்கலுக்கு, வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுப் பியரோடு அயோடின் சேர்த்துப் பாருங்கள். நீலக்கறுப்பாக மாறினால் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது. மாஷை இன்னும் நேரம் விட்டிருக்க வேண்டும், அல்லது மால்ட் சரியாக அரைபடவில்லை. நிறம் மாறாமல், ரொட்டி மாவின் வாசனை இருந்தால் ஈஸ்ட்தான் மிதக்கிறது. ஒரு வாரக் குளிர் போதும்.

வாயு குறைவு, அல்லது பாட்டில் பொங்குகிறது

இந்தப் பியருக்குக் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைந்த வாயுவே அழகு. பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் லிட்டருக்கு 4 கிராம் வெள்ளைச் சர்க்கரை அதைத் தரும். பாட்டில்கள் இரண்டு வாரமாகியும் சப்பென்று இருந்தால், 20 டிகிரிக்குக் குறைவான இடத்தில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நன்கு படியும் ஈஸ்ட் பாட்டிலில் மிகக் குறைவாகவே சென்றிருக்கும் என்பதால், தலைகீழாக ஒருமுறை கவிழ்த்து அடி வண்டலை எழுப்பி, வெதுவெதுப்பான இடத்தில் மேலும் இரண்டு வாரம் தருவது முறை.

சில பாட்டில்கள் மட்டும் பொங்கி, மற்றவை சரியாக இருந்தால், சர்க்கரைப் பாகு சமமாகக் கலக்கவில்லை, அல்லது அந்தப் பாட்டில்கள் சுத்தமாக இல்லை. எல்லாமே பொங்கினால், நொதித்தல் முடியுமுன் அடைத்திருக்கிறீர்கள். அப்போது முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். பாட்டில்களைத் தடித்த துணியால் மூடி, கண் கவசமும் கையுறையும் அணிந்து, அசைக்காமல் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றின் மூடியையும் சிறிதே தளர்த்தி வாயுவை வெளியேற்றி, மீண்டும் மூடலாம். ஒன்று வெடித்த பெட்டியில் கையை விடவே கூடாது.

ஈரமான அட்டை வாசனை, மங்கிய ஹாப்ஸ், அடர்ந்த நிறம்

நொதித்தலுக்குப் பிறகு காற்று கலந்திருக்கிறது. ஈஸ்ட் சேர்க்கும் நேரத்தில் ஆக்சிஜன் நண்பன். அதன் பின் எப்போதும் பகை. பியரை மாற்றும் சைபன் குழாயின் வெளிமுனை, பியரைப் பெறும் கலனின் அடித்தளத்தைத் தொட்டிருக்கட்டும். பியர் தெறிக்காமல் இறங்கட்டும். பச்சை அல்லது நிறமற்ற பாட்டிலில் வெயில் பட்டு எழும் கந்தக நாற்றம் வேறு வகை: ஒளியில் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைவதால் வருவது. பழுப்புக் கண்ணாடியும் இருட்டும் அதற்குப் போதும்.

புளிப்பு, மேற்பரப்பில் வெண்படலம்

படலம் சுருக்கங்களோடு உலர்ந்த தோல்போல் இருந்தால், காற்றைத் தேடி மேலே வந்த காட்டு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ இருக்கிறது. ஹாப்ஸ் துகளும் ஈஸ்ட் தீவுகளும் மிதப்பதைப் படலமென்று எண்ணிக் கொட்டிவிடாதீர்கள். அவை குலுக்கினால் கலைந்து மூழ்கும். புளிப்போடு குதிரைக் கொட்டில் வாசனையும் சேர்ந்தால் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் ஆய்வாளர் கிளாசென் 1904இல் இதை அறிவித்தது ஆங்கில ஏல்களை ஆராய்ந்தபோதுதான். "பிரிட்டிஷ் பூஞ்சை" என்ற பொருள்படும் பெயரும் அதனால் வந்தது. நெடுங்காலம் மரப்பீப்பாயில் முதிர்ந்த பழைய ஏல்களுக்கு அது உரிய சுவையாக இருந்திருக்கலாம். இளமையிலேயே பருக வேண்டிய பேல் ஏலுக்கு அது பொருந்தாது.

அந்தப் பியரை மீட்க வழியில்லை. கண்ணாடி, எஃகுக் கருவிகளைக் காரக் கரைசலில் ஊறவைத்து, அலசி, கிருமிநீக்கம் செய்தால் மீண்டும் பயன்படுத்தலாம். சைபன் குழாய், ரப்பர் வளையம், கீறல் விழுந்த பிளாஸ்டிக் கலன் ஆகியவற்றின் நுண்பிளவுகளில் ஒளிந்திருப்பவற்றை எந்தக் கரைசலும் முழுமையாகத் தொடாது; அவற்றை மாற்றுங்கள். கலனின் குழாய்த் திறப்பைத் திருகிக் கழற்றி உள்ளே பாருங்கள். இரண்டு மூன்று தயாரிப்புகள் தொடர்ந்து புளித்துப்போனால் பழைய பியரின் பிசுக்கு பெரும்பாலும் அங்கேதான் உறைந்திருக்கும்.